டச்சில் சொல்லிக்கொண்டு கிளம்புவது எப்படி?

கேள்வி: வேலை மாற்றலாகி நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்குக் குடிபோகிறேன். பாடப்புத்தகத்தில் விடைபெற 'தொத் ஸீன்ஸ்' என்று போட்டிருக்கிறது. அங்கே இருக்கும் நண்பர்களோ, கடைக்காரர் முதல் மேலாளர் வரை எல்லோரும் 'தூய்' என்றுதான் சொல்கிறார்கள் என்கிறார்கள். அது மரியாதைக் குறைவு ஆகாதா? யாராவது வீட்டுக்கு அழைத்தால் எப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவது?

பதில்:

மரியாதைக் குறைவு ஆகாது. ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு தமிழ்ப் பழக்கம் ஒளிந்திருக்கிறது. தமிழில் விடைபெறும் சொல்லைத் தீர்மானிப்பது எதிரில் நிற்பவர் யார் என்பதுதான். 'வரேன்டா', 'வர்றேங்க', 'போயிட்டு வரேன் ஐயா' எல்லாம் ஒரே சொல்லின் மரியாதைப் படிகள். டச்சில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். அடுத்து எப்போது சந்திப்போம்? பத்து நிமிடத்திலா, இன்று இரவா, நாளையா, தெரியாதா? அதற்கேற்பச் சொல் மாறும். மரியாதை அதற்கு அடுத்துத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் 'ஐயா', 'அம்மா'வுக்கு இணையான ஒரு சொல்லைச் சேர்ப்பதோடு முடிந்துவிடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் மனப்பாடம் செய்யாமலே வரும்.

இன்னொன்று. டச்சு கற்கத் தொடங்குகிறவர்கள் வணக்கம் சொல்வதிலிருந்து தொடங்குகிறார்கள். விடைபெறுவதிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. டச்சில் வணக்கம் சொன்னால் பதிலுக்கு டச்சு வெள்ளமாகப் பாயும். நீங்கள் திணறுவீர்கள், அவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். விடைபெறும்போது அந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், அவர் ஒன்று சொல்கிறார், முடிந்தது. பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் நடந்திருந்தாலும் கடைசி வாக்கியத்தை டச்சில் முடிக்கலாம். முதல் வாரத்திலேயே தினம் பத்து முறை பயிற்சி கிடைக்கும்.

முதலில் ஒலி. தமிழ் எழுத்தில் 'த' ஒன்றுதான், டச்சில் இரண்டு. 'தூய்', 'தஹ்' என்ற சொற்களின் தொடக்கத்தில் வருவது 'தர்மம்' என்பதன் த. 'தொத்' என்பதில் வருவது 'தொட்டி' என்பதன் த. ஆங்கிலப் பழக்கத்தில் இதை 'ட' ஆக்கிக் காற்றோடு தள்ளாதீர்கள். டச்சு 'த' தமிழ் 'த'வுக்குத்தான் நெருக்கம், நமக்கு இதில் நல்ல வசதி. 'ஸீன்ஸ்' என்பதன் முதல் 'ஸ' வண்டு ரீங்கரிப்பது போல அதிர வேண்டும், கடைசி 'ஸ்' அதிரக்கூடாது. நான் 'ஹ்' என்று எழுதும் பல இடங்களில் டச்சுக்காரர் தொண்டையை உரசுவார். 'பகல்' என்பதை வேகமாகச் சொல்லும்போது நடுவில் 'க' உரசுகிறதல்லவா, அதை இன்னும் அழுத்திச் சொன்னால் 'தஹ்' வந்துவிடும். தெற்கே, அதாவது நீங்கள் போகும் பகுதியில், இந்த உரசல் மென்மையாக இருக்கும். ஆம்ஸ்டர்டாம் பக்கம் கரகரப்பு கூடும். 'யூ' என்று நான் எழுதுவது 'தாங்கள்' என்ற பொருள்படும் மரியாதைச் சொல். அதில் உண்மையில் 'ய' ஒலி கிடையாது. நாக்கை 'ஈ'க்கு வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள், அந்த ஒலிதான்.

இப்போது 'தூய்'. நண்பர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர், சூப்பர்மார்க்கெட் கவுண்டரில் இருக்கும் மாணவர், பெரும்பாலான அலுவலகங்களில் மேலாளர் என்று எல்லோருக்கும் இது பொருந்தும். கடைசியில் குரல் கொஞ்சம் மேலே ஏற வேண்டும், உயிரெழுத்து நீள வேண்டும்: 'தூஊய்!' தட்டையாக, வெட்டினாற்போல் 'தூய்.' என்று சொன்னால் கோபத்தோடு கிளம்புவதுபோல் கேட்கும். முன்னால் 'யா' சேர்த்து 'யா, தூய்!' என்றாலோ பொருளே மாறிவிடும். 'அதெல்லாம் நடக்காது, போ' என்று அர்த்தம். 'சரி' என்ற எண்ணத்தில் 'யா' சொல்லி, மூச்சுவிடாமல் 'தூய்' சேர்ப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 'ஓகே, தூய்' என்று சொல்லிவிட்டால் ஆபத்தில்லை.

'தஹ்' என்றால் 'நாள்'. வரும்போதும் சொல்லலாம், போகும்போதும் சொல்லலாம். வித்தியாசம் இசையில் இருக்கிறது. சந்திக்கும்போது குட்டையாக, குரல் இறங்க: 'தஹ்.' பிரியும்போது இழுத்து, குரல் ஏற: 'தாஆஹ்!' இதற்கும் அந்த 'யா' எச்சரிக்கை பொருந்தும். வயதானவர், மருத்துவர், நகராட்சி அலுவலர் ஆகியோரிடம் 'தூய்' சொல்லத் தயக்கமாக இருந்தால் 'தஹ் மஃப்ரவ்' என்று பெண்ணிடமும் 'தஹ் மனேர்' என்று ஆணிடமும் சொல்லுங்கள். இதுதான் நீங்கள் தேடும் 'ஐயா', 'அம்மா'. மென்மையும் மரியாதையும் ஒன்றாய் இருக்கும், எங்கேயும் தவறாகாது. பள்ளியில் ஆசிரியையைக் குழந்தைகள் 'தஹ் யுஃப்' என்றும் ஆசிரியரை 'தஹ் மேஸ்தர்' என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள். பெற்றோரும் அப்படியே சொல்லலாம்.

'தொத் ஸீன்ஸ்' என்றால் 'பார்க்கும் வரை'. புத்தகம் சொல்வது தவறில்லை, ஆனால் இது அடுத்த சந்திப்புக்கு நேரம் குறிக்காத பொதுச் சொல். கடை, வங்கி, நேர்காணல், மருத்துவமனை வரவேற்பறைக்குச் சரி. தினமும் பக்கத்து மேசையில் உட்காருபவரிடம் சொன்னால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், 'இனி எப்போது பார்ப்போமோ' என்ற தொனியும் வரும்.

அடுத்துக் கடிகாரம். 'தொத்' என்றால் 'வரை'. அதற்குப் பின்னால் ஒரு நேரத்தைப் போட்டால் விடைபெறும் சொல் தயார். காப்பி எடுக்கப் போய் உடனே திரும்புவீர்கள் என்றால் 'தொத் ஸோ'. இன்னும் சற்று நேரத்தில் நடக்கப்போகும் கூட்டத்தில் சந்திப்பீர்கள் என்றால் 'தொத் ஸோமதேன்'. அதே நாளில் சில மணி நேரம் கழித்து என்றால் 'தொத் ஸ்த்ரக்ஸ்'. இன்று மாலைக்கு 'தொத் ஃபனாவொந்த்'. நாளைக்கு 'தொத் மொர்ஹ'. திங்கட்கிழமைக்கு 'தொத் மாந்தஹ்'. அடுத்த வாரத்துக்கு 'தொத் ஃபொல்ஹந்த வேக்'. நாளும் நேரமும் ஏற்கெனவே பேசி முடிவாகியிருந்தால் 'தொத் தன்', 'அப்போது பார்ப்போம்'. சீக்கிரம் பார்ப்போம், ஆனால் நாள் குறிக்கவில்லை என்றால் 'தொத் ஹவ்' அல்லது 'தொத் ஸ்னெல்'.

இங்கேதான் நம்மவர்கள் சறுக்குவார்கள், ஏனென்றால் டச்சுக்காரர்கள் இந்தச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது 'தொத் ஸ்த்ரக்ஸ்' என்று சொன்னால், 'இவர் இரவு மறுபடியும் வரப்போகிறாரா?' என்று முழிப்பார்கள். வெள்ளிக்கிழமை வேலைக்கு வராத ஒருவரிடம் வியாழன் மாலை 'தொத் மொர்ஹ' என்றால், 'நாளைக்கு எனக்கு விடுமுறை' என்று உடனே திருத்துவார். குறையாகச் சொல்வதில்லை, தகவலாகச் சொல்கிறார். பகுதிநேர வேலை அங்கே மிகப் பரவலானது, யார் எந்தக் கிழமை வரமாட்டார் என்பதை உடன் வேலை செய்பவர்கள் தெரிந்துவைத்திருப்பார்கள். நீங்களும் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். வியாழக்கிழமையே அவரிடம் 'ஃபெய்ன் வீக்கெண்ட்' (நல்ல வாரக்கடைசி) என்று சொன்னால் 'என்னைக் கவனித்திருக்கிறாரே' என்று மகிழ்வார்.

'போயிட்டு வரேன்' என்பதை மொழிபெயர்க்க வேண்டாம். நமக்கு 'போறேன்' என்று சொல்ல நாக்கு எழாது, அது அபசகுனம். அவர்களுக்கு அப்படி எந்த உறுத்தலும் இல்லை. 'இக் ஹா' என்றால் 'போகிறேன்', அவ்வளவுதான். ஆனால் கிளம்பும்போது 'இக் கொம் ஸோ' என்று சொன்னால் 'இதோ வந்துவிடுகிறேன்' என்று பொருள். உங்களுக்காகக் காத்திருப்பார்கள். நம் 'வரேன்' தரும் நிறைவு 'தொத்'திலேயே இருக்கிறது. மறுபடி பார்ப்போம் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே உள்ளது.

விடைபெறும் சொல்லோடு ஒரு வாழ்த்தும் சேரும். 'ஃபெய்ன தஹ்', நல்ல நாள். 'ஃபெய்ன ஆவொந்த்', நல்ல மாலை. 'ஃபெய்ன வகான்சி', நல்ல விடுமுறை. ஆனால் 'ஃபெய்ன் வீக்கெண்ட்', அங்கே 'ன' இல்லை, 'ன்'. காரணம் எளிது. ஆங்கில 'the' போல முன்னால் வரும் சிறு சொல்லை வைத்து டச்சுப் பெயர்ச்சொற்கள் 'த' வகை, 'ஹெத்' வகை என்று இரண்டு. நாள், மாலை, விடுமுறை மூன்றும் 'த' வகை, அவற்றுக்கு முன்னால் உரிச்சொல் நீளும். வாரக்கடைசி 'ஹெத்' வகை, அதனால் நீளாது. பின்னால் 'நொஹ்' சேர்த்து 'ஃபெய்ன தஹ் நொஹ்' என்றால் 'மீதி நாளும் நன்றாக அமையட்டும்' என்று பொருள், பிற்பகலில் இதுதான் இயல்பு. 'ஃபெய்ன' இருக்கும் இடத்தில் 'ப்ரெத்தஹ' போட்டால் ஒரு படி கூடுதல் முறைமை.

பதில் சொல்வதும் சுலபம். நண்பருக்கு 'யெய் ஓக்', மரியாதைக்கு 'யூ ஓக்', இரண்டிலும் குழப்பம் என்றால் 'ஹெத்ஸெல்ஃப்த', அதாவது 'அதே உங்களுக்கும்'. எதிரில் இருப்பவர் உங்களை 'யூ' என்று அழைத்தாரா, 'ய' ('நீ') என்று அழைத்தாரா என்று கவனித்து, அதையே திருப்பிக் கொடுங்கள். யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் 'யெய் ஓக்' சொல்வதுதான் அடுத்த பொறி. நீங்கள் விடுமுறையில் போகிறீர்கள், அவர் வேலையில் இருக்கிறார், அவர் வாழ்த்த, நீங்கள் 'யெய் ஓக்' என்றால் பொருந்தாது. 'தங்க் ய வெல்', நன்றி, போதும்.

ஆங்கிலப் பழக்கத்தால் வரும் பிழை ஒன்று உண்டு. இரவு 8 மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பும்போது நாம் 'குட்நைட்' சொல்வோம். அதை 'வெல்தரஸ்த' என்று மாற்றிச் சொல்லாதீர்கள். அது படுக்கப் போகிறவரிடம் சொல்வது, வீட்டிலே, விளக்கை அணைக்கும் நேரத்தில். நெருங்கியவர்கள் 'ஸ்லாப் லெக்கர்' என்பார்கள், 'நன்றாகத் தூங்கு'. மாலையில் கிளம்ப 'ஃபெய்ன ஆவொந்த்'. 'ஹூதனாவொந்த்' என்பதும் பெரும்பாலும் சந்திக்கும்போது சொல்லும் மாலை வணக்கம், அதைச் சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டினால் வந்தது போலவும் போவது போலவும் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த டச்சுச் சொல் 'வெல் தௌஸ்'. 'பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்' என்பதை இரண்டே அசையில் சொல்லிவிடுகிறார்கள். கூட்டம் முடிந்து தொலைவூர்க்காரர் கிளம்பும்போது, இரவு விருந்தினர் சைக்கிளை எடுக்கும்போது சொல்வது. இதற்குத் திசை உண்டு. வீட்டில் இருப்பவர் கிளம்புபவருக்குச் சொல்ல வேண்டும். விருந்தாளி வீட்டுக்காரரிடம் சொன்னால் அர்த்தமே இல்லை, அவர் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறார். இருவருமே பயணிக்கிறீர்கள் என்றால் மட்டும் பதிலுக்கு 'யெய் ஓக்' சொல்லலாம்.

கவனமாகப் பிரித்தறிய வேண்டிய மூன்று சொற்கள்: 'ஸக்ஸெஸ்', 'ஸ்தெர்க்த', 'பேதர்ஸ்ஹப்'. பரீட்சைக்கோ நேர்காணலுக்கோ போகிறவரிடம் 'ஸக்ஸெஸ்', வெற்றி கிடைக்கட்டும். உடல்நலமில்லாதவரிடம் விடைபெறும்போது 'பேதர்ஸ்ஹப்', சீக்கிரம் குணமாகட்டும். துக்கத்தில், கடினமான சிகிச்சையில், குடும்பச் சிக்கலில் இருப்பவரிடம் 'ஸ்தெர்க்த', தாங்கும் வலிமை கிடைக்கட்டும். அப்பாவை இழந்த நண்பரிடம் 'ஸக்ஸெஸ்' சொன்னால் புண்படும். தீராத நோயாளியிடம் 'பேதர்ஸ்ஹப்' சொல்வதும் வலிக்கும், அங்கேயும் 'ஸ்தெர்க்த'தான். இறுதிச் சடங்கில் குடும்பத்தாரின் கையைப் பிடித்து 'ஹகொந்தொலேர்த்' (என் அனுதாபங்கள்) என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது 'ஸ்தெர்க்த' சொல்லலாம். நீளமாகப் பேச வேண்டிய தேவையில்லை, அந்த ஒரு சொல்லை மெதுவாகச் சொன்னால் போதும். இந்தச் சொற்களுக்குப் பதில் எப்போதும் 'நன்றி'தான். இன்னொரு எச்சரிக்கை: 'ஸக்ஸெஸ் எர்மே' என்று நீட்டினால் தொனியைப் பொறுத்து 'நீயே பார்த்துக்கொள்' என்றும் ஒலிக்கும், வெறும் 'ஸக்ஸெஸ்' பாதுகாப்பானது.

'ஃபார்வெல்' என்ற சொல்லைப் புத்தகத்தில் பார்த்தால் ஒதுக்கிவையுங்கள். அது நிரந்தரப் பிரிவுக்கானது. அலுவலகத்தில் சொன்னால் வேலையை விடுகிறீர்களோ என்று நினைப்பார்கள்.

கடையில் நடப்பது இப்படி இருக்கும். பில் வேண்டுமா என்று கேட்பார், நீங்கள் 'நே, தங்க் யூ வெல்' என்பீர்கள், அவர் 'ஃபெய்ன தஹ் நொஹ்' என்பார், நீங்கள் 'யூ ஓக், தாஆஹ்'. மூன்று வினாடி. பேசாமல் பையை எடுத்துக்கொண்டு நடந்தால் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் அது முரட்டுத்தனமாகத் தெரியும். குடும்ப மருத்துவரின் காத்திருப்பு அறையில் நுழையும்போது முகம் தெரியாதவர்களுக்கும் பொதுவாக வணக்கம் சொல்வது வழக்கம். கிளம்பும்போது ஒரு 'தஹ்' சொன்னால் நல்லது. பேருந்தில் முன்பக்கமாக இறங்கினால் ஓட்டுநருக்கும் அப்படியே.

தொலைபேசியில் மட்டும் விடைபெறுதல் நீளும், அதுவும் படிப்படியாக. முதலில் 'நவ்…' அல்லது 'ஓகே தன்' என்று ஒரு அறிகுறி. பிறகு பேசியதன் சுருக்கம்: 'அப்போ சனிக்கிழமை பார்க்கலாம்.' 'இஸ் ஹூத்', சரி. பிறகு வாழ்த்து: 'ஃபெய்ன ஆவொந்த்.' 'யெய் ஓக்.' அதற்குப் பின்னும் 'தூய்', 'தூய் தூய்', 'தூஹ்' என்று இரண்டு மூன்று சுற்று. அறிகுறிச் சொல் வந்ததுமே வைத்துவிட்டால் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். கடைசி 'தூய்' இரண்டு பக்கமும் விழும்வரை காத்திருங்கள். மறுபடி பேசுவோம் என்பதற்கு 'தொத் ஹோரன்ஸ்', 'கேட்கும் வரை'. கண்ணால் பார்க்காத உரையாடலுக்கு 'பார்க்கும் வரை' பொருந்தாது என்று அவர்கள் உருவாக்கி வைத்திருக்கும் இந்தத் துல்லியம் அழகு.

கடிதம், மின்னஞ்சல் பற்றிச் சுருக்கமாக. யாருக்கு எழுதினாலும் தவறாகாதது 'மெத் ஃப்ரீந்தலக்க ஹ்ரூத்', அன்பான வணக்கத்துடன். இதை மூன்றெழுத்தாகச் சுருக்கி எழுதுவதைப் பலர் சோம்பேறித்தனமாகப் பார்க்கிறார்கள். பழகிய சக ஊழியருக்கு வெறும் 'ஹ்ரூத்' அல்லது இன்னும் இணக்கமாக 'ஹ்ரூத்யஸ்'. 'லீஃப்ஸ்' என்பது குடும்பத்துக்கும் நெருங்கிய தோழமைக்கும் மட்டும்.

நீங்கள் போகும் ஐந்தோவன், வடக்கு பிராபந்த் மாகாணத்தில் இருக்கிறது. அங்கே 'தூய்'க்குப் போட்டியாக ஒரு சொல் உண்டு: 'ஹவ்தூ'. 'உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பொருள்படும் வட்டார வழக்கு சுருங்கி இப்படி ஆனது. 'ஹவ்தூ என் பதங்க்த்' என்று நன்றியும் சேர்த்துச் சொல்வார்கள். புதியவர் வாயிலிருந்து வந்தால் முகம் மலரும். ஆம்ஸ்டர்டாமில் அதையே சொன்னால் பிராபந்த்காரர் என்று சிரிப்பார்கள். ஆம்ஸ்டர்டாம் பேச்சில் 'த மஸ்ஸல்' என்று கேட்கலாம், ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி வழியாக வந்த 'அதிர்ஷ்டம்' அது. கிழக்கே த்வெந்த பகுதியில் 'ஹூத்ஹோன்', நல்லபடி போகட்டும். வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் 'ஓந்த் மோர்ன்', நாளை வரை. வானிலை அறிவிப்பாளர் பீத் பவ்லுஸ்மா தேசியத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லி முடித்ததால், ஃப்ரீசிய மொழி தெரியாதவர்களுக்கும் இந்தச் சொல் தெரியும். அவர் 2022இல் மறைந்தார். எல்லை தாண்டி பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதிக்குப் போனால் 'தூய்' வடக்கத்திக்காரர் சொல்லாகத் தோன்றும். அங்கே 'தஹ்' பாதுகாப்பு, இரவில் 'ஸ்லாப்வெல்'.

கை, கன்னம் பற்றியும் சொல்ல வேண்டும். அலுவல் சந்திப்பு முடிந்தால் கைகுலுக்கல்: உறுதியாக, கண்ணைப் பார்த்து, ஓரிரு குலுக்கல். உறவினரும் நண்பர்களும் கன்னத்தில் 3 முத்தம் மாற்றி மாற்றிக் கொடுப்பது நெதர்லாந்தின் பழைய வழக்கம், பெண்களுக்கிடையிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலும். ஆண்கள் தங்களுக்குள் பெரும்பாலும் கைகுலுக்குவார்கள். ஃப்ளாண்டர்ஸில் பொதுவாக ஒன்றுதான். கொரோனாவுக்குப் பிறகு இது வெகுவாகக் குறைந்துவிட்டது. 2020 மார்ச் 9 அன்று பிரதமர் மார்க் ருத்த இனி யாரும் கைகுலுக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டு, அடுத்த நொடியே பொதுச் சுகாதார நிறுவனத்தின் யாப் ஃபன் திஸ்ஸலின் கையைக் குலுக்கிவிட்டார், பிறகு சிரித்து மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு ஊறிய பழக்கம். உங்களுக்கு முத்தத்தில் விருப்பமில்லை என்றால் இரண்டடி தூரத்திலேயே கையை நீட்டிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பாதியில் பின்வாங்குவதுதான் இருவருக்கும் சங்கடம்.

இனி வீட்டுக்குப் போய்க் கிளம்புவது. உங்கள் கேள்வியில் மிக முக்கியமான பகுதி இது.

பிற்பகல் காப்பிக்கு அழைத்தால் அது காப்பிக்கு மட்டும்தான். பெரும்பாலான வீடுகளில் மாலை 6 மணி வாக்கில் இரவுச் சாப்பாடு. அதனால் ஐந்தரைக்குள் எழுந்துவிடுங்கள். 'வெய் ஹான் ஸோ ஏத', 'நாங்கள் இதோ சாப்பிடப் போகிறோம்', என்று வீட்டுக்காரர் சொன்னால் அது அழைப்பு அல்ல, நேரமாகிவிட்டது என்ற தகவல். அழைப்பு என்றால் நேராகக் கேட்பார்: 'ப்லெய்ஃப் ய ஏத?', 'சாப்பிட இருக்கிறீர்களா?' நம் வீடுகளில் மூன்று முறை வற்புறுத்தி, மூன்று முறை மறுத்து, நான்காவது முறை உட்காருவோம். அங்கே முதல் 'வேண்டாம்'தான் கடைசி 'வேண்டாம்'. இன்னொரு காப்பி வேண்டுமா என்று கேட்கும்போது, வேண்டும் என்றால் உடனே 'ஹ்ராஹ்' என்று சொல்லிவிடுங்கள். கூச்சத்தில் மறுத்தால் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அது உபசாரக் குறைவல்ல, உங்கள் சொல்லை மதிப்பது.

கிளம்பும் அறிகுறி தெளிவானது. இரண்டு உள்ளங்கையையும் தொடையில் மெல்லத் தட்டி 'ஸோ!' என்பார்கள். பிறகு 'இக் ஹா எர் மார் எஸ் ஃபந்தோர்', 'சரி, நான் கிளம்பட்டுமா' என்பதற்கு ஏறத்தாழ இணை. காரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காரர் 'நூ அல்?', 'அதற்குள்ளாகவா?' என்று ஒருமுறை கேட்கலாம். அதை வற்புறுத்தல் என்று நினைத்து மறுபடி உட்கார்ந்துவிடாதீர்கள். எழுந்து, உங்கள் கோப்பையைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோய் வைக்க முன்வரலாம். பிறகு நன்றி, அதுவும் குறிப்பாக: 'பதங்க்த் ஃபோர் த கொஃபி, ஹெத் வஸ் ஹஸெல்லஹ்.' காப்பிக்கு நன்றி, நேரம் இனிமையாகப் போனது. அந்தக் கடைசிச் சொல் வீட்டுக்காரருக்குப் பெரிய பாராட்டு, மறந்துவிடாதீர்கள்.

பிறந்தநாள் விருந்தில் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். வரும்போது ஒவ்வொருவரிடமும் 'ஹஃபேலிசிதேர்த்' (வாழ்த்துகள்) என்று கைகொடுத்துச் சுற்றி வருவார்கள், பிறந்தநாள்காரரின் மாமியாருக்கும் வாழ்த்து உண்டு. கிளம்பும்போது ஆட்கள் குறைவு என்றால் அதே சுற்று. நிறைய இருந்தால் நடுவில் நின்று 'தூய் அல்லமால், ஃபெய்ன ஆவொந்த் நொஹ்' என்று எல்லோருக்கும் கையசைத்து, வீட்டுக்காரரிடம் மட்டும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் சொல்லாமல் நழுவுவது அங்கேயும் தவறுதான்.

எழுந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நடையில், கோட்டு மாட்டும் இடத்தில், இரண்டாவது பேச்சு தொடங்கும். ஐந்து, பத்து நிமிடம் நின்றபடியே நடக்கும். 'சீக்கிரமே மறுபடி சந்திக்கணும்' என்ற வார்த்தை வருவதும் அங்கேதான். கைபேசியில் நாட்குறிப்பைத் திறந்து மூன்று வாரம் தள்ளி ஒரு தேதி சொன்னால் அது உறுதியான ஏற்பாடு. திறக்கவில்லை என்றால் அது நல்லெண்ணம் மட்டும், அடுத்த சனிக்கிழமை வாசலில் போய் நிற்காதீர்கள். கடைசியில் 'தூ த ஹ்ரூத ஆன்' என்று தொடங்கி, கணவருக்கோ பிள்ளைகளுக்கோ விசாரித்ததாகச் சொல்லச் சொல்வார்கள்.

கதவுக்கு வெளியே போன பிறகும் ஒரு சடங்கு மிச்சம் இருக்கிறது. அதற்கு 'அவ்த்ஸ்வாய' என்று தனி வினைச்சொல்லே உண்டு: போகிறவர் கண்ணிலிருந்து மறையும்வரை கையசைத்து வழியனுப்புவது. இது பிள்ளைப் பருவத்திலேயே தொடங்குகிறது. குழந்தைகள் காப்பகங்களில் 'ஸ்வாய்ராம்' என்று ஒரு சன்னல் இருக்கும், கையசைப்பதற்கான சன்னல். காலையில் பெற்றோர் சொல்லிக்கொண்டு வெளியே வந்து அந்தச் சன்னல் பக்கம் நிற்பார்கள். உள்ளே பணியாளர் குழந்தையைத் தூக்கிக் காட்டுவார். இரண்டு பக்கமும் கையசைத்த பிறகுதான் கிளம்புவார்கள். குழந்தை விளையாடும்போது சொல்லாமல் நழுவிப் போவது வேண்டாம் என்பதே இதன் நோக்கம். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் பிள்ளையைக் காப்பகத்தில் சேர்த்தால் அந்த இரண்டு நிமிடத்தையும் காலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலிலும் அதே கதைதான். நீங்கள் சைக்கிள் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஏறி மிதிக்கும்வரை கதவு சாத்தப்படாது. 'வெல் தௌஸ்!' என்று குரல் வரும், நீங்கள் 'தூஊய்!' என்பீர்கள். தெருமுனையில் திரும்புவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்துங்கள். வீட்டுக்காரர் வெறும் சட்டையோடு, குளிரில், அதற்காகத்தான் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.